தூண்டில் ஈயும் இறகுப் போலியும்

'போலி' என்பது இன்றைய வழக்கில் ஒரு பழிச்சொல். போலிச் சான்றிதழ், போலி மருத்துவர், போலி மருந்து என்று அச்சொல் ஒட்டும் இடமெல்லாம் ஏமாற்று நிற்கிறது. இலக்கணத்தில் அதற்கு இப்பழி இல்லை. நிலம் என்பது நிலன் என வரினும், அமைச்சு என்பது அமச்சு என வரினும், ஐந்து என்பது அஞ்சு என முற்றும் திரிந்து வரினும் பொருள் கெடுவதில்லை. ஓர் எழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து வந்து, அவ்விடத்தின் கடமையைக் குறைவின்றிச் செய்யுமாயின், அதனைப் போலி எனப் பெயரிட்டு இலக்கணத்துக்குள்ளேயே இடம் தந்தனர் நம் முன்னோர்.

பழிக்கத்தக்க போலி எது, ஏற்கத்தக்க போலி எது என்னும் இவ்வழக்கு, புலவர் அவையில் மட்டுமே எழுவதன்று. பிரித்தானியத் தீவுகளில் தோன்றிய ஒரு சிறு கைத்தொழிலுக்குள் அது நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. சால்மன் மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்காகப் பறவை இறகுகளைக் கொண்டு செயற்கை ஈ கட்டும் தொழில் அது. விரல் நீளமே உள்ள அப்பொருளுக்காக நான்கு கண்டங்களின் பறவைகள் தேடப்பட்டன. தென்னிந்தியக் காடுகளில் கூவித் திரியும் காட்டுக்கோழியும் அவற்றுள் ஒன்று.

தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் நூலும் சுற்றி, அதனைப் பூச்சி என மீன் எண்ணுமாறு செய்வது மிகப் பழைய உத்தி. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஏலியன் என்னும் உரோமானிய எழுத்தாளர், மாசிடோனிய நாட்டு ஆறு ஒன்றில் மீன்பிடிப்போர் சிவப்புக் கம்பளி நூலை முள்ளில் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டினை அதன்மேல் பொருத்துவர் என்று கிரேக்க மொழியில் எழுதி வைத்தார். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூல் பன்னிரண்டு ஈக்களை மாத வாரியாகக் கூறுகிறது. கன்னித்துறவி ஜூலியானா பெர்னர்ஸ் என்பவர் இயற்றியதாக வழங்கும் அந்நூல் கேட்கும் பொருள்கள் கம்பளி, ஆண்வாத்தின் இறகு, கவுதாரி இறகு போன்றவையே. அதாவது, வீட்டு முற்றத்திலும் வேலி ஓரத்திலும் கிடைப்பன. ஆற்றங்கரைப் பூச்சியை அந்த ஆற்றங்கரைப் பறவையின் இறகே நடித்துக் காட்டியது. தொழிலின் தொடக்கமே போலிதான். அங்கே அதற்குக் குறை சொன்னவர் எவரும் இலர்.

இந்நிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாறியது. அயர்லாந்தில் பகட்டு நிறங்களில் ஈ கட்டும் பழக்கம் முதலில் வலுப்பெற்றது. அங்கிருந்து இலண்டனுக்கு வந்து கடை நடத்திய வில்லியம் பிளாக்கர் என்பவர் 1842இலும், மிக விரிவாக 1855இலும் வெளியிட்ட நூல், அயல்நாட்டுப் பறவைகளின் இறகுகளைத் தூண்டிலுக்குக் கொண்டுவந்தது. ஆயினும் ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றங்கரையில் பழைய எளிய ஈக்களே வழங்கின என்பதற்கு, 1843இல் வில்லியம் ஸ்க்ரோப் எழுதிய நூல் சான்று. ஒரே பத்தாண்டில், ஒரே மீனுக்கு, ஒருபுறம் கம்பளியும் வாத்து இறகும், மறுபுறம் வெப்ப மண்டலக் காட்டுப் பறவையின் இறகும் கட்டப்பட்டன. இரண்டிலும் மீன் கடித்தது. இதனை மனத்தில் கொள்ளுதல் நலம். பின்னால் நேர்ந்தவற்றை அளப்பதற்கு இதுவே முழக்கோல்.

அக்காலத்து ஈக்களுள் அரசி எனத் தக்கது 'ஜாக் ஸ்காட்'. ஜான் ஸ்காட் பிரபுவிடம் தூண்டில் உதவியாளராக இருந்தவரின் பெயர் அது. 1850ஐ ஒட்டி அவர் ஆக்கியது என்பர். அதன் செய்முறையைப் படிப்பவருக்கு ஒரு செய்யுளின் உறுப்பிலக்கணத்தைப் படிப்பது போன்ற உணர்வே எழும். உடலின் பின்பாதி மஞ்சள் பட்டு, முன்பாதி கறுப்புப் பட்டு. இரண்டின் மீதும் வெள்ளிச் சரிகை வரி. இரு பாதியும் கூடுமிடத்தில் டூக்கன் பறவையின் மஞ்சள் மார்பிறகு. அதனை அடுத்துத் தீக்கோழியின் கறுப்பு இழை. வாலுக்குப் பொன்னிறப் பெசண்டுக் கோழியின் கொண்டையிழையும், 'இந்தியக் காகம்' என்னும் பறவையின் செந்நிற இறகும். தொண்டைக்குப் புள்ளியிட்ட கினிக்கோழி இறகு. சிறகுக்கு வான்கோழி, மயில், கானமயில், வரகுக்கோழி, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகச் சாயமிட்ட அன்னம், கிளுவை, காட்டு வாத்து. பக்கத்துக்கு ஒவ்வொன்றாகக் காட்டுக்கோழியின் கழுத்திறகு. அதன்மேல் கன்னம்போல் 'நீலச் சாட்டரர்' இறகு. எல்லாவற்றுக்கும் மேலே பொன்னிழை வளைவு. கொம்புகளாக மக்காவ் என்னும் பஞ்சவர்ணக் கிளியின் வாலிழை இரண்டு. எண்ணிப் பார்த்தால் பதினைந்து பறவைகள். இவ்வளவும் ஒரு முள்ளின்மேல்.

பெயர்களில் உள்ள பிழை தனியே சுவை தருவது. 'இந்தியக் காகம்' இந்தியாவில் இல்லை. அது காகமும் அன்று. தென்னமெரிக்கக் காடுகளில் பழம் தின்று வாழும் கொட்டிங்காக் குடும்பத்துப் பறவை அது. உடல் கறுப்பு, தொண்டை மட்டும் தீயின் செம்மை. 'நீலச் சாட்டரர்' என்பதும் அதே குடும்பத்தது. பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காட்டில் வாழும் ஒருவகைக் கொட்டிங்கா இன்று அழிவுக்கு ஆளாகும் நிலையில் உள்ளது. கடைக்காரர் இட்ட பெயரே நூலில் ஏறியது. பறவையை உயிருடன் கண்டவர் அத்தொழிலில் மிகச் சிலர். சிறு பொட்டலத்தில் நிறமாக வந்தது அவர்களுக்கு நிறமாகவே இருந்தது. அதற்கு ஒரு காடும் கூடும் குரலும் உண்டு என எண்ண வேண்டிய தேவை எழவில்லை.

இறகுகளை இணைக்கும் முறையையும் இங்கே சொல்ல வேண்டும். பறவை இறகின் இழைகள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகள் உள்ளன. அவை அடுத்த இழையைப் பற்றிக்கொள்வதாலேயே இறகு பிளவின்றித் தகடுபோல் நிற்கிறது. கலைந்த இறகைப் பறவை அலகால் கோதும்போது அக்கொக்கிகள் மீண்டும் மாட்டிக்கொள்கின்றன. ஈ கட்டுவோர் இவ்வியல்பைக் கண்டு, வெவ்வேறு பறவைகளின் இழைகளை இரண்டும் மூன்றுமாக எடுத்து, பக்கத்தில் வைத்து விரலால் நீவி, ஒரே இறகாக ஆக்கினர். மயிலிழைக்கு மேல் மஞ்சள் அன்ன இழை, அதன்மேல் சிவப்பு, நீலம், பின்பு கானமயில். பசை இல்லை, முடிச்சும் இல்லை. இதற்கு அவர்கள் இட்ட பெயர் 'மணம் முடித்தல்'. நிலைமொழியும் வருமொழியும் கூடுவதைப் புணர்ச்சி என்ற நம் இலக்கணிகள் இதனைக் கண்டிருப்பின் முறுவலித்திருப்பர். எல்லா இறகுகளும் எல்லாவற்றோடும் கூடா என்பதும் நோக்கத்தக்கது. இழையின் தடிப்பும் கொக்கியின் இடைவெளியும் ஒத்தவையே கூடும். பின்னாளில் மாற்று இறகு தேடியவர்கள் நிறத்தை மட்டும் பார்த்து ஏமாந்த இடம் இதுதான்.

இத்தனை பறவைகள் இலண்டனுக்கு வந்தது தூண்டிலுக்காக அன்று. சீமாட்டியரின் தொப்பிகளுக்காகக் கப்பல் கப்பலாக இறகுகள் இறங்கின. சில வெண்கொக்கு வகைகளின் காதல் பருவ இறகு, எடைக்கு எடை தங்கத்தின் விலையையும் விஞ்சி விற்ற காலம் உண்டு. அந்தப் பெருஞ்சந்தையின் ஓரத்தில் நின்று ஈ கட்டுவோர் தமக்கு வேண்டிய துணுக்குகளை வாங்கினர். மலிவும் நிறைவும் இருந்தவரை மாற்று என்பது பெருஞ்சிக்கலாக எழவில்லை. இல்லாதபோது இருப்பதை வைத்துக் கட்டினர். நீலச் சாட்டரர் கிடையாதபோது தம் ஊர் மீன்கொத்தியின் நீலத்தை வைப்பது அக்காலத்திலேயே உள்ள வழக்கம்.

அந்நெகிழ்ச்சியைக் குறைத்தது அச்சு நூல். பிரான்சிஸ் பிரான்சிஸ் என்பவர் 1867இல் எழுதிய தூண்டில் நூல், ஆறு ஆறாக எடுத்துக்கொண்டு ஆங்காங்கு வழங்கிய ஈக்களைத் தொகுத்தது. அது தொகுப்பு நூலே. 1895இல் ஜார்ஜ் மார்ட்டிமர் கெல்சன் வெளியிட்ட 'சால்மன் ஈ' அவ்வாறு நிற்கவில்லை. ஏறத்தாழ 300 ஈக்களின் உறுப்புகளை வரிசைப்படுத்தி, இன்ன உறுப்புக்கு இன்ன பறவை எனக் கட்டளையிட்டது. ஆசிரியரின் குரலில் ஐயத்துக்கே இடமில்லை. அவரே தமக்கு உரியன எனக் கூறிக்கொண்ட சில ஈக்களின் உரிமை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதழாசிரியர் மார்ஸ்டன் என்பவரால் வன்மையாக மறுக்கப்பட்டு, நெடிய எழுத்துப்போராக வளர்ந்தது. எனினும் நூலின் செல்வாக்கு குன்றவில்லை. இருப்பதைக் கண்டு வகுத்த விதி, நாளடைவில் இருக்க வேண்டியதை ஆணையிடும் விதியாகும். செய்யுள் வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடிப் போக வேண்டியதில்லை. பாட்டியல் நூல்கள் தோன்றிய பின்னர்ச் சிற்றிலக்கியத்துக்கு நேர்ந்ததைக் கற்றவர் அறிவர்.

இங்கே மீனின் பக்கத்தைக் கேட்க வேண்டும். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்றில் ஏறும் சால்மன், நன்னீருக்கு வந்த பின் உண்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே மலையாற்றை எதிர்த்து ஏறுகிறது. உண்ணாத மீன் ஈயை ஏன் கடிக்கிறது என்பதற்குச் சினம் என்றும், இளமைப் பழக்கத்தின் நினைவு என்றும் பலர் பலவாறு கூறுவர். முடிந்த முடிபு இல்லை. தென்னமெரிக்கக் கொட்டிங்காவின் நீலத்துக்கும் ஆங்கில மீன்கொத்தியின் நீலத்துக்கும் வேறுபாடு கண்டு அது விலகும் என்பதற்கு எச்சான்றும் இல்லை. ஆகவே, அவ்வரிய இறகுகளைக் கேட்டது மீனன்று; நூல் கேட்டது. நூலைக் கற்றவர் கண் கேட்டது.

நம் நாட்டுக் காட்டுக்கோழி இவ்வரலாற்றில் நுழையும் விதம் தனித்துக் கூறத்தக்கது. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய சாம்பல் நிறக் காட்டுக்கோழியை ஐரோப்பிய நூலுலகுக்கு அறிமுகம் செய்தவர், புதுச்சேரியில் பல ஆண்டுகள் தங்கியிருந்த பிரெஞ்சு இயற்கையறிஞர் பியர் சொன்னரா. அவருடைய பயணநூல் 1782இல் வெளிவந்தது. 1813இல் டெம்மிங்க் என்பவர் இட்ட அறிவியற் பெயர் சொன்னராவின் பெயரையே தாங்கியுள்ளது. வீட்டுக்கோழியின் மூதாதை இதுவே எனச் சொன்னரா கருதினார். சிவப்புக் காட்டுக்கோழியே முதல் எனப் பின்னர் டார்வின் வாதிட்டார். 2008இல் வெளியான மரபணு ஆய்வு, வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது எனக் காட்டியது. சொன்னரா முழுவதும் பிழைபட்டவர் அல்லர் என்பதே முடிவு.

அச்சேவலின் கழுத்திறகுதான் தூண்டிலுக்கு வேண்டியது. அவ்விறகின் நடுத்தண்டு நுனிக்கருகில் தட்டையாக அகன்று, அரக்கை உருக்கித் துளிகளாக விட்டாற்போல் மின்னும் புள்ளிகளாகிறது. மேலே வெண்மை, நுனியில் பொன்மஞ்சள். கறுப்புக் களத்தில் பளிச்சிடும் அத்துளி, ஈயின் பக்கத்தில் வைத்தவுடன் ஒரு மீன்குஞ்சின் கண்ணாகிவிடுகிறது. ஏலியன் மெழுகு நிறம் என்று எழுதிய சேவலிறகு எதுவோ. இங்கே மெழுகுத் துளியே இறகில் உறைந்து கிடக்கிறது. வேறெந்தப் பறவையிடமும் இதற்கு ஒப்பில்லை. குறுந்தொகையின் 242ஆம் பாட்டில் குழற்றத்தனார் கானக்கோழிச் சேவலைக் காட்டும்போது, புள்ளிகள் ஒளிரும் அதன் கழுத்தில் குளிர்ந்த துளி வீழ்வதை நோக்கியிருக்கிறார். கடிமனை சென்றுவந்த செவிலி நற்றாய்க்கு உரைக்கும் அப்பாட்டில், தலைமகள் வாழும் முல்லைச் சிற்றூரின் அமைதிக்கு அச்சேவல் அடையாளம். ஐரோப்பியர் அவ்விறகுக்கு விலை கூறுமுன், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே, தமிழ்க் கண் அதே கழுத்தில், அதே புள்ளியில் தங்கி நின்றது. புலவர் அதனைப் பறித்துக்கொள்ளாமல் பார்த்தார் என்பது வேறுபாடு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கழுத்துத் தோல்கள் வணிகச் சரக்காக மேல்நாடு சென்றன. ஒரு சேவலுக்கு ஒரு கழுத்துத்தான். அதிலும் மழைக்காலத்தில் சேவல் அவ்விறகுகளை உதிர்த்துவிட்டுப் புள்ளியற்ற மங்கிய உடை பூண்டு சில திங்கள் திரியும். எனவே இறகு முதிர்ந்து நிற்கும் காலமே கண்ணி வைக்கும் காலமாயிற்று. அதுவே அது கூவி இணை தேடும் காலமும் ஆகும்.

சட்டங்கள் மெல்ல வந்தன. 1889இல் மான்செஸ்டரை அடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி, உணவுக்காகக் கொல்லப்படாத பறவையின் இறகை அணிவதில்லை என்று பெண்கள் உறுதி கூறும் கழகம் ஒன்றைத் தொடங்கினார். தீக்கோழிக்கு மட்டும் விலக்கு. அதுவே பின்னாளில் அரச பட்டயம் பெற்ற பறவைப் பாதுகாப்புக் கழகமாக வளர்ந்தது. 1902இல் பிரித்தானிய இந்திய அரசு பறவைத் தோல்களையும் இறகுகளையும் ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. 1921இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இறகு இறக்குமதித் தடைச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அக்காலப் போராட்டம் முழுவதும் பெண்களின் தொப்பியையே குறிவைத்தது என்பதையும், ஆண்களின் தூண்டிற்பெட்டியைத் திறந்து பார்த்தவர் அரியர் என்பதையும் இங்கே குறித்தல் தகும். இறகு அணிந்தோரும் பெண்கள், இறகை விடச் சொன்னோரும் பெண்கள். ஆற்றங்கரையில் நின்றவர்க்கு எவ்வசையும் எட்டவில்லை.

1921ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது இறக்குமதியை மட்டுமே. கைவசம் இருந்ததை வைத்திருக்கவும் விற்கவும் தடையில்லை. விளைவு எதிர்பாராதது. புதிய வரத்து நின்றது. பழைய இருப்பு பெட்டிகளில் தங்கியது. இழுப்பறையில் கிடந்த துணுக்கு அரும்பொருளாயிற்று. இறந்த உறவினரின் தூண்டிற்பெட்டி, பாட்டியின் இறகுத் தொப்பி, கண்ணாடிப் பேழைக்குள் பாடம் செய்து வைத்த பறவை ஆகியவை சுரங்கங்களாயின. இந்தியாவில் 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1973இல் கையெழுத்தாகி 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. அதன்பின் காட்டுக்கோழிக் கழுத்து, இந்தியக் காட்டிலிருந்து அன்றி, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் முன்பே கூண்டில் வளர்ந்துவந்த பறவைகளின் வழியினரிடமிருந்தே முறைப்படி கிடைக்கலாயிற்று.

மாற்று இறகின் நுட்பங்கள் இக்காலத்தில்தான் கலையாக வளர்ந்தன. கானமயிலின் பழுப்பு வரிக்கு வான்கோழியின் புள்ளியிறகும் மயிலின் சிறகிறகும் பொருந்தின. இழை தடிப்பும் ஒத்ததால் அவை மணம் முடிக்கவும் இசைந்தன. மூதுரையில், கானமயில் ஆடுவதைக் கண்டு தானும் சிறகு விரித்த வான்கோழியைக் கல்லாதான் கவிக்கு உவமையாக்கிப் பழித்தார் ஔவையார். அங்கே கானமயில் என்பது காட்டு மயில். இன்று அப்பெயர் வேறொரு பறவைக்கு வழங்குகிறது. ஆயினும், கானமயிலின் இடத்தில் நின்று வான்கோழி குறையின்றிப் பணி செய்யும் ஒரு துறை உலகில் உண்டு என்பது அவ்வுவமைக்கு ஓர் அரிய புறனடை. வரகுக்கோழியின் நிலை வேறு. தமிழில் வரகுக் கொல்லையின் பெயர் பெற்ற அப்பறவை, புல்வெளிகள் உழுநிலமாக மாறியதால் அருகி, 2021இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது. அதன் இறகை இன்று நாடுவோர், சாயமிட்ட வேறு இறகோடு அமைதியுறுவதே முறை.

நீலம்தான் மிகக் கடினம். கொட்டிங்காவின் நீலம் சாயப்பொருளால் ஆனதன்று. இழைக்குள் உள்ள நுண்துளை அமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால் பிறப்பது. அரைத்துப் பார்த்தால் நீலம் இராது. சாயத்தில் தோய்த்த கோழியிறகு நீலமாக இருக்கும். அந்த உயிர்ப்பு இராது. மீன்கொத்தியின் நீலமும் இவ்வாறே அமைப்பால் பிறப்பதாகலின், பழையவர்கள் அதனைத் தேர்ந்தது அறியாமலே செய்த அறிவுடைச் செயல். ஆனால் மீன்கொத்தியும் இன்று அங்கே சட்டத்தின் காவலில் உள்ளது. காட்டுக்கோழிக் கண்ணுக்கோ, சாதாரண இறகின்மேல் மஞ்சளும் வெள்ளையுமான வண்ணப் பூச்சைத் துளியாக இட்டு உலர்த்துவர். வார்த்த பிளாஸ்டிக் துண்டுகளும் வந்தன. நீரில் அவை போதும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போதா.

இச்சட்டத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள், ஆற்றில் மீன்பிடிப்போர் அணில் வால், மான் வால் முதலியவற்றின் மயிரால் எளிய ஈக்களைக் கட்டத் தொடங்கிவிட்டனர். அவற்றில் மீன் முன்போலவே கடித்தது. பயன் நோக்கில் வழக்கு அன்றே முடிந்தது. ஆனால் 1970களிலிருந்து பழைய ஈக்கள் வேறொரு பிறவி எடுத்தன. 1978இல் பால் ஜார்கன்சன் எழுதிய நூல் போன்றவை அவற்றைக் கலைப்பொருளாக மீட்டன. கட்டப்பட்ட ஈ நீரைக் காணாது. சட்டமிட்டுச் சுவரில் தொங்கும். மீனுக்கு விலகிய கடமை முழுவதும் இறகின் மேல் ஏறியது. கெல்சன் சொன்ன பறவை எதுவோ அதுவே வேண்டும் என்னும் வேட்கை, கெல்சன் காலத்தில் இருந்ததினும் கடுமையாயிற்று. இதனை மரபுப் பற்று என்பர். பழைய தொழிலாளர் கைக்கு எட்டியதை வைத்துக் கட்டியவர்கள் என்பதை மறந்த பற்று அது.

அவ்வேட்கை சென்ற எல்லையை 2009ஆம் ஆண்டு உலகம் கண்டது. இலண்டனுக்கு வடமேற்கே ட்ரிங் என்னும் ஊரில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பறவைத் தோல்கள் பாதுகாக்கப்படுகின்றன. அவ்வாண்டு ஜூன் மாதத்து இரவு ஒன்றில், இலண்டனில் இசை பயின்ற அமெரிக்க மாணவர் ஒருவர், ஈ கட்டுவதில் இளமையிலேயே பெயர் பெற்றவர், சாளரத்தை உடைத்து நுழைந்து 299 பறவைத் தோல்களை எடுத்துச் சென்றார். இந்தியக் காகம், நீலக் கொட்டிங்கா, குவெட்சல், சொர்க்கப் பறவை எனக் கெல்சன் பட்டியலும் அதன் வழிநூல்களும் புகழ்ந்தவையே அவை. சில தோல்கள், ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854 முதல் 1862 வரை மலேயத் தீவுக்கூட்டத்தில் அலைந்து திரட்டியவை. 2010இல் அம்மாணவர் பிடிபட்டார். 2011இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். சிதையாமல் மீண்டவை 174. அவற்றுள்ளும் அடையாளச் சீட்டோடு மீண்டவை 102 மட்டுமே.

சீட்டு என்பது கால்விரலில் கட்டிய சிறு தாள்தான். எந்தக் காட்டில், எந்த நாளில், யார் எடுத்தது என்பது அதில் உள்ளது. அது போனால் தோல் இருந்தும் ஆய்வுக்கு இல்லை. முதல் ஏடும் இறுதி ஏடும் இழந்த சுவடியின் நிலை அது. பழைய கடற்பறவைகளின் இறகுகளை ஆண்டு வாரியாக ஒப்பிட்டே கடலில் பாதரசம் பெருகிய வரலாற்றை அறிஞர் கண்டனர். எந்த ஆண்டின் இறகு என்பதைச் சொல்லுவது சீட்டு ஒன்றே. வாலஸ், தம் நூலில், அரசச் சொர்க்கப் பறவையை ஆரு தீவுக் காட்டில் கண்ட மகிழ்ச்சியைக் கூறுமிடத்திலேயே, நாகரிக மனிதர் இக்காடுகளை அடைந்தால் இவ்வுயிர்கள் மறையும் என வருந்தி எழுதியிருக்கிறார். அவர் எடுத்த பறவை நூற்றைம்பது ஆண்டு அருங்காட்சியகத்தில் பிழைத்துக் கிடந்து, சீட்டு அறுபட்டு, துணுக்குகளாக விற்பனையாயிற்று. வாங்கியவர்களுள் பலர் மூலம் கேட்கவில்லை. உண்மையான இறகைக் கேட்டவர்களுக்கு, அவ்விறகின் உண்மை வேண்டியிருக்கவில்லை.

தொழிலுக்குள்ளேயே எதிர்க்குரலும் இருந்தது; அந்நிகழ்ச்சிக்குப் பின் அது வலுத்தது. வீட்டுப் பறவைகளின் இறகை மட்டுமே கொண்டு பழைய ஈக்களைக் கட்டுவோர் உள்ளனர். உயிர்க்காட்சிச் சாலையில் ஆப்பிரிக்கக் கோரி கானமயில் தானே உதிர்த்ததையும், வளர்ப்பு மக்காவ் வாலுதிர்த்ததையும் காத்திருந்து பெறுவோரும் உள்ளனர். ஓர் ஈக்கு வேண்டியது சேர ஓராண்டு ஆகலாம். இவர்கள் மாற்று இறகைத் தேர்வதில் காட்டும் நுண்மை, மூல இறகைக் கையில் வைத்திருந்தவரிடம் காணாதது. இழையின் நீளம், வளைவு, நனைந்தால் நிறம் மாறும் அளவு, அடுத்த இழையோடு கூடும் இசைவு எனப் பலவும் நோக்கி ஓரிறகை ஏற்கின்றனர். மோனைக்கு ஒரு சொல் வேண்டிப் பத்துச் சொல்லைத் தள்ளும் பாவலர்க்கு இவ்வுழைப்பு புதியதன்று.

கடைகளில் இன்று கிடைக்கும் ஒரு பொட்டலம் உண்டு. உள்ளே இருப்பது பெசண்டுக் கோழியின் மார்பிறகு. அப்பறவையின் தாயகம் ஆசியா, வளர்ந்தது ஐரோப்பியப் பண்ணை. செம்மஞ்சள் சாயம் ஏற்றி, நுனி மடங்குமாறு நீவி அடுக்கியிருப்பர். மேலே ஒட்டிய சீட்டில், தென்னமெரிக்கப் பறவைக்கு இலண்டன் வணிகர் பிழையாக இட்ட பெயர் அச்சாகியிருக்கும்: இந்தியக் காகம். அதன் கீழே, சிறிய எழுத்தில், மாற்று.